வெள்ளைக் கம்பி

கடைக்காரப் பையன் காரைப் பற்றிக் கேட்கவில்லை.
"என்ன இழுக்கப் போறீங்க?"
பதினாலு அடி அலுமினியப் படகு, என்றேன்.
"எடை?"
தெரியாது.
தெரிந்துகொண்டு வரச் சொல்லிவிட்டான்.

குளியலறை எடை மிஷினை வாசலுக்குக் கொண்டுபோய்
டிரெய்லரின் மூக்குக்குக் கீழே வைத்தேன்.
இருபது வருஷமாக
என்னை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருந்த மிஷின்
ஒரு இரும்பைப் பார்த்து முள்ளை நகர்த்தியது.
நூற்றுப் பத்து பவுண்டு.
பத்தால் பெருக்கினால் மொத்தம், என்றான் பையன்.
என் கார் தாங்கும். சொற்பத்தில் தாங்கும்.

பிறகு பந்து.
இரண்டு அங்குலமா, அரைக்கால் குறைவா?
குறைவானதும் உட்காருமாம், பூட்டுமாம்,
நல்ல ரோட்டில் நம்மோடு வருமாம்,
முதல் குழியில் கழன்று
தன் வழியே போகுமாம்.
சிரிக்காமல் சொன்னான்.
விவாகரத்தானவள் என்று
முகத்தில் எழுதியா இருக்கிறது?
இரண்டு அங்குலமே எடுத்தேன்.

தண்டர் பே. ஏப்ரல் கடைசி.
வேலியோரப் பனி இன்னும் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது.
அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு
காருக்கடியில் மல்லாந்தேன்.
சைலன்சரைத் தாங்கும் ரப்பர் வளையம்
சோப்புத் தண்ணீர் கேட்டது.
துருவேறிய மரை எண்ணெய் கேட்டது,
அப்புறம் என் அப்பாவின் ஃபின்னிஷ் கெட்ட வார்த்தை ஒன்றையும்.
கண்ணில் விழுந்த துருவைத் துடைக்க
துரு இல்லாத விரல் ஒன்றும் மிச்சமில்லை.
ஆறு போல்ட். ஸ்பானர் "கிளிக்" என்றால் போதும்,
அதற்கு மேல் முறுக்கக் கூடாது.
ஆறாவதை முறுக்கினேன், மனசு கேட்கவில்லை.

வயர் சுலபம் என்று அட்டையில் போட்டிருந்தது.
மஞ்சள் இடது, பச்சை வலது,
பழுப்பு இரவு விளக்கு.
வெள்ளையைப் பற்றி ஒரே வரி:
காரின் உடம்பில் எங்காவது திருகவும்.
எங்கோ திருகினேன்.

இனி பார்க்க வேண்டும். அங்கேதான் சிக்கல்.
தன் பிரேக் விளக்கைத் தானே பார்க்க
யாருக்கும் வாய்க்காது.
பனி தட்டும் பிரஷ்ஷை பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவே
முட்டுக் கொடுத்துவிட்டுப் பின்னால் ஓடினேன்.
போய்ச் சேர்வதற்குள் வழுக்கி விழுந்தது.
மூன்று தடவை.

நாலாவது தடவை கண்ணாடியில் ஓரெஸ்ட் தெரிந்தார்.
பக்கத்து வீடு. மூன்று குளிர்காலமாகப் பேச்சில்லை:
அவர் பனியை என் வேலிச்செடி மேல் வீசினார்,
நான் நகராட்சிக்கு எழுதினேன்.
செடி ஒடிந்த அதே சந்து வழியாக வந்து
டிரெய்லருக்குப் பின்னால் நிற்கிறார்,
கையில் மண்வெட்டி.

நான் எதுவும் கேட்கவில்லை.
இடது சிக்னலைப் போட்டேன்.
மண்வெட்டியைப் பனியில் குத்திவிட்டு
இடது கையைத் தூக்கினார். கூடவே
வலது கையும் பாதி வரை வந்து
தயங்கியது, விளக்கு தயங்கியதைப் போலவே.
வலது சிக்னல் போட்டேன். இப்போது இடது கை பாதி.
பிரேக். இரண்டும் இடுப்பளவில், மங்கலாக.

"எர்த்," என்றார்.
மூன்று வருஷத்துக்கு அப்புறம் முதல் வார்த்தை.
குனிந்து வெள்ளைக் கம்பியைத் தொட்டார்.
"பெயிண்ட் மேல திருகியிருக்கீங்க, ராய்லி.
போன கரண்ட் எப்படித் திரும்பும்?"

அரம் என்னிடம் இருந்தது. நானே சுரண்டினேன்.
நீலம் போச்சு, அதற்கடியில் சாம்பல் பூச்சு போச்சு,
நாலணா அகலத்துக்கு வெறும் இரும்பு,
புதுசாக, குளிர்ந்து.
அதில் வைத்துத் திருகினேன்.

திரும்ப சீட்டில். இடது: இடது கை மட்டும்.
வலது: வலது.
பிரேக்கை மிதித்தேன்.
அவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே
பிடிபட்ட திருடன் மாதிரி தூக்கினார்.
பின்னாலிருந்த பழைய பனி முழுக்கச் சிவப்பு.

"ஸ்மெல்ட் மீன் ஓட ஆரம்பிச்சாச்சா?" என்று
கத்திக் கேட்டார். தெரியலை, என்றேன்.
பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்தாயிற்று.
காலை எடுக்கலாம்.
எடுக்கவில்லை, இன்னும் கொஞ்ச நேரம்.
அவரும் கையை இறக்கவில்லை.